வாலு சொல்வதெல்லாம் பொய்

ஜனவரி 12

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே நான், உன் அண்ணன், பெரியவள், சின்னவன் எல்லோரும் சௌக்கியம். சின்னவனுக்கு மட்டும் மூக்கு ஒழுகுகிறது. அது அவன் பிறந்ததிலிருந்தே ஒழுகுகிறது, அதனால் கணக்கில் சேர்க்கவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? திரைச்சீலைக் கடை எப்படிப் போகிறது? போன் பண்ணினால் எடுப்பதே இல்லை. "காதுல ஒரே இரைச்சல், கடுதாசி போடச் சொல்லு" என்று உன் அண்ணனிடம் சொன்னாயாம். மகாராணி உத்தரவு, எழுதிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. நான் மறுபடியும் சைக்கிள் பந்தயத்துக்குப் போகப்போகிறேன். மலைப் பந்தயம். நம் பழைய பந்தயம்.

போன வாரம் என் எக்ஸ்ரே அறைக்கு ஒரு அம்மாள் வந்தார். என்னைவிடப் பெரியவர். தோள்பட்டை எலும்பு உடைந்திருந்தது. எப்படி என்று கேட்டேன். "மலையில சைக்கிள் விட்டேன்மா, அது ஒரு பக்கம் போச்சு, நான் ஒரு பக்கம் போனேன்" என்று பரிசு வாங்கியவர் மாதிரி சிரிக்கிறார். படம் எடுத்து முடிப்பதற்குள், "மறுபடி எப்ப ஓட்டலாம்?" என்று என்னிடமே கேட்டார். எனக்குப் பொறாமையாக இருந்தது. உடைந்த எலும்பைப் பார்த்துப் பொறாமைப்பட்ட எக்ஸ்ரேக்காரி உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து சைக்கிளை இறக்கச் சொன்னேன். மேலே பழைய மெத்தை, கீழே பழைய கொசுவலை, நடுவில் பாவம் அது. சங்கிலி துருப்பிடித்துக் கட்டையாக நிற்கிறது.

செப்டம்பரில் கல்குவாரி மலையில் பந்தயம். நாற்பது வயது தாண்டிய பெண்களுக்குத் தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். அதே பாறையும் இருக்கிறது. எட்டு வருடத்துக்கு முன்னால் அத்தனை பேர் பார்க்க சைக்கிளை விட்டு இறங்கி, கையில் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தேனே, அந்தப் பாறை. அதற்குப் பிறகு நான் மலைப் பக்கம் போகவே இல்லை. கேட்டவர்களிடம் பிள்ளைகள் சின்னவர்கள் என்று சொல்லிக்கொண்டேன். பயம்தான் காரணம் என்பது உனக்குத் தெரியும். மெடல் எனக்கு வேண்டாம் வாலு. அந்தப் பாறையில் சைக்கிளில் இருந்தபடியே இறங்க வேண்டும். அது போதும்.

நீயும் வருகிறாயா? உனக்கும் நாற்பது தாண்டியாச்சு, மறைக்காதே.

உன் அண்ணி

*

ஜனவரி 30

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம் என்று அறிந்து சந்தோஷம். சின்னவன் மூக்குக்கு என் முத்தம், துடைத்த பிறகு.

பந்தயச் செய்தியைப் படித்துவிட்டுக் கடையில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். முதலாளியம்மா திரும்பிப் பார்த்தார். போங்கள் அண்ணி, கண்டிப்பாகப் போங்கள். உங்கள் அளவுக்கு மேட்டில் ஏறுகிறவள் அப்போதும் கிடையாது, இப்போதும் இருக்கமாட்டாள்.

நான் வருவதற்கில்லை. மழைக்காலத்தில் இடது காதில் ஒரு இரைச்சல் ஆரம்பித்தது. கூடவே தலைசுற்றல். நின்றுகொண்டே இருப்பேன், திடீரென்று அறை ஒரு பக்கமாகச் சுற்றத் தொடங்கிவிடும். உள்காதில் கோளாறு, இரண்டு சக்கரத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சைக்கிளை எங்கள் கடைத் தையல்காரருக்குக் கொடுத்துவிட்டேன். கடையிலும் இப்போது ஸ்டூலில் ஏறுவதில்லை. ஜன்னல் அளவெடுக்க அவர் ஏறுகிறார், நான் கீழே நின்று எழுதிக்கொள்கிறேன்.

அண்ணனுக்கு என் அன்பு. நன்றாகப் பயிற்சி எடுங்கள்.

வாலு

*

பிப்ரவரி 14

அடி என் வாலு,

எல்லோரும் நலம். நீயும் அமோகமாக இருப்பாய் என்று உன் கடிதத்திலிருந்தே தெரிந்துகொண்டேன்.

தலைசுற்றலா! பிரமாதம். இதை நான் எதிர்பார்க்கவில்லை. காய்ச்சலையும் முட்டிவலியையும் ஏற்கெனவே செலவழித்துவிட்டாய், புதிதாக ஒன்று வேண்டுமே என்று யோசித்திருப்பாய். காதுக்குள் போய்த் தேடி எடுத்திருக்கிறாய் பார், அங்கேதான் நீ நிற்கிறாய்.

யாரிடம் கதை விடுகிறாய்? நாம் இரண்டு பேரும் எதிரெதிரே ஓட்டிய காலத்தில் பந்தயத்துக்கு முன்னால் ஒரு தடவையாவது ஒருத்திக்கொருத்தி உண்மை பேசியிருக்கிறோமா? டயரில் காற்று எவ்வளவு என்று நீ கேட்டால் நான் கூட்டிச் சொல்வேன். நான் கேட்டால் நீ குறைத்துச் சொல்வாய். "ரெண்டு மாசமா ஓட்டவே இல்லடி" என்று சொன்ன அன்றைக்குத்தான் நீ முதலில் வந்தாய். ஒரு தடவை காலில் பெரிய கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு மனசே கேட்கவில்லை, தண்ணீர் பாட்டிலெல்லாம் பிடித்துக் கொடுத்தேன். விசில் ஊதியதும் கட்டை அவிழ்த்து என் மேலேயே வீசிவிட்டுப் பறந்தாய். அதெல்லாம் போகட்டும். அதுவரை என்னை 'வாடி போடி' என்று கூப்பிட்ட வாய், நான் உன் அண்ணனைக் கட்டிக்கொண்ட மறுநாளே 'வாங்க அண்ணி, சாப்பிடுங்க அண்ணி' என்று மாறியது. அதைவிடப் பெரிய நடிப்பு உண்டா?

ஆக, நீ பயிற்சியை ஆரம்பித்துவிட்டாய். எனக்கு விளங்கிவிட்டது. நேற்று விடிவதற்கு முன்னால் அலாரம் அடித்தது. போர்வையை இழுத்து மூடிக்கொள்ளப் பார்த்தேன். அங்கே நீ இந்நேரம் மேடு ஏறிக்கொண்டிருப்பாய் என்று நினைத்த மாத்திரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

உன் தலைசுற்றலை நான் விசாரித்ததாகச் சொல்.

அண்ணி

*

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? இந்தக் கடிதத்தை உன் மூக்குக்கண்ணாடிக் கடை விலாசத்துக்குப் போடுகிறேன். படித்துவிட்டு அங்கேயே வைத்துக்கொள்.

அண்ணி என் வியாதியை நம்பவில்லை. காது டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை உனக்கு அனுப்பியிருந்தேனே, அதை எடுத்துக் காட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் எழுதிய கடிதத்தைப் படித்தபோது அழுகை வந்தது. பாதியிலேயே சிரிப்பும் வந்துவிட்டது. கட்டை அவிழ்த்து வீசியது உண்மைதான் அண்ணா.

கடைசியில் ஒன்று எழுதியிருந்தாள், பார். நான் ஓட்டுகிறேன் என்ற நினைப்பில்தான் படுக்கையை விட்டு எழுகிறாளாம். அது இல்லையென்றால் இரண்டு வாரத்தில் சைக்கிள் மறுபடி பரணுக்குப் போய்விடும். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் நீ எதுவும் சொல்லாதே. நான் ஒரு பொய்யும் எழுதப்போவதில்லை. உள்ளதை உள்ளபடி எழுதுவேன். நம்பாமல் போனால் அது அவள் பாடு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இங்கே எல்லோரும் என் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திவிடுகிறார்கள். உலகத்தில் ஒரே ஒருத்தியாவது நான் மலையில் பறந்துகொண்டிருப்பதாக நினைக்கிறாள். செப்டம்பர் வரைக்கும் அது அப்படியே இருக்கட்டுமே.

உன் தங்கை

*

மார்ச் 15

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடு.

நீ சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குப் பழக்கம்தான், கல்யாணமாகிப் பல வருடம் ஆகிறது. ஆனால் வீடு வீடாக இல்லை. ஹாலில் சைக்கிள், குளியலறையில் சேறு, சாப்பாட்டு மேஜையில் பிரேக் கட்டை. கடைக்கு வந்தவர் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தால், "சார், கிரீஸ் வாசனை வருது" என்கிறார். உன் அண்ணி சிரித்துக்கொண்டே இருக்கிறாள். அவள் இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அதனால் சும்மா இருக்கிறேன்.

ஆனாலும் இது எங்கேயோ போய் முட்டும் என்று தோன்றுகிறது.

அண்ணன்

*

மே 20

அன்புள்ள வாலு,

கடிதம் எழுதத் தாமதம். எல்லோரும் நலம், என் தொடைகளைத் தவிர. உன் தலை இன்னும் சுற்றுகிறதா? நன்றாகச் சுற்றட்டும்.

நகரத்துக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி மேடு இருக்கிறது. முதல் நாள் பாதி ஏறுவதற்குள் வாயில் நுரை தள்ளிவிட்டது. சாலையோரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பையன்கள் பளபளவென்று சைக்கிளில் வந்து நின்று, "ஆன்ட்டி, ஆட்டோ கூப்பிடவா?" என்றார்கள். எனக்கு வந்த கோபத்தில் மீதி மேட்டை ஏறிவிட்டேன். இந்த மாதம் அதே பையன்களை மேட்டில் முந்தினேன். "ஆட்டோ வேணுமா தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் போனேன்.

ஏறுவது வந்துவிட்டது. இறங்குவதுதான் இன்னும் வரவில்லை. சரிவைப் பார்த்தாலே விரல் தானாக பிரேக்கை இறுக்குகிறது. நாளெல்லாம் உடைந்த மணிக்கட்டையும் முழங்காலையும் படம் எடுக்கிறேன் அல்லவா, ஒவ்வொரு கல்லும் எனக்கு ஒரு எலும்பாகத் தெரிகிறது. இதை உன்னிடம் சொல்லக்கூடாதுதான், எதிராளி நீ. ஆனால் வேறு யாரிடம் சொல்வது?

பெயர் கொடுத்துவிட்டாயா?

அண்ணி

*

ஜூலை 8

அன்புள்ள அண்ணிக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். ஜூன் மாதம் சரியாக இல்லை. ஒரு நாள் கடையில் நின்றபடியே சுழன்று விழுந்துவிட்டேன். நல்லவேளையாக வெல்வெட் துணிக் குவியல் மேல் விழுந்தேன். எங்கள் கடையிலேயே விலை கூடிய வெல்வெட், முதலாளியம்மா எனக்காகக் கவலைப்பட்டாரா துணிக்காகவா என்று தெரியவில்லை. மருந்தை மாற்றியிருக்கிறார்கள். பெயர் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன்.

ஆட்டோ கதையைத் தையல்காரருக்குப் படித்துக் காட்டினேன். உங்களை ஒருமுறை பார்க்க வேண்டுமாம்.

அண்ணி, என் மற்ற பேச்சையெல்லாம் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். இது ஒன்றை மட்டும் நம்புங்கள். பாறையில் வலது பக்கமாக விடுங்கள். மேலிருந்து பார்த்தால் செங்குத்தாகத் தெரியும். ஆனால் கீழே கெட்டி மண், சக்கரம் நேராக ஓடிவிடும். இடது பக்கம் வழவழவென்று 'வா வா' என்று கூப்பிடும். போகவே போகாதீர்கள். அது முடிகிற இடத்தில் உடைகல் நிரம்பிய ஒரு குழி இருக்கிறது. மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது. முன்சக்கரம் அதில் மாட்டினால் சைக்கிள் நின்றுவிடும், நீங்கள் நிற்கமாட்டீர்கள். நான் அதில் ஒரு தடவை போய் விழுந்திருக்கிறேன். உடம்பை நன்றாகப் பின்னால் தள்ளி, முன் பிரேக்கைத் தொடாமல், வலது பக்கம்.

எல்லோருக்கும் அன்பு.

வாலு

*

ஆகஸ்ட் 22

வாலு, வாலு, வாலு!

சுகம், பரம சுகம். உன் சுகத்துக்கும் குறைவிருக்காது, வெல்வெட்டில் படுத்து ஓய்வெடுக்கிறாயே!

இத்தனை நாள் கொஞ்சம் சந்தேகத்தில்தான் இருந்தேன், உனக்கு நிஜமாகவே ஏதாவது இருக்குமோ என்று. "இது ஒன்றை மட்டும் நம்புங்கள்" என்று எழுதினாய் பார், அங்கே மாட்டிக்கொண்டாய். எட்டு வருடம் கழித்து ஒருத்தி பாறையில் இறங்கப் போகிறாள், அவளைப் பார்த்துச் செங்குத்தான பக்கம் போ, வழவழப்பான பக்கம் போகாதே என்கிறாய். என் நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது?

மலையைப் பந்தயத்தன்று காலையில்தான் திறப்பார்கள், முன்கூட்டிப் போய்ப் பார்க்க வழியில்லை என்று தெரிந்துதானே இந்த வேலை? முடிவு பண்ணிவிட்டேன். இடது பக்கம்தான். பாறைக்குக் கீழே உனக்காகக் காத்திருப்பேன், மெதுவாக வலது பக்கமாக வந்து சேர்.

அண்ணி

*

செப்டம்பர் 1

அண்ணா,

நான் நலம், நீ நலமா என்பதெல்லாம் அப்புறம். அண்ணி இடது பக்கம் இறங்கப்போகிறாள்! கடிதம் கைக்கு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் சின்னப் புத்தியால் வந்த வினை. உண்மையை எழுதினால் நம்பமாட்டாள், அது நல்லதுதான் என்று நினைத்தேனே, இப்போது நான் எழுதிய உண்மையே அவளை அந்தக் குழிக்குள் தள்ளப்போகிறது. அடுத்தவர் எலும்பையெல்லாம் படம் எடுக்கிறவளை அதே மேஜையில் கிடத்த வேண்டி வந்தால் நான் எந்த முகத்தோடு உங்கள் வீட்டுக்கு வருவேன்?

இன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லிவிடு. சீட்டைக் காட்டு. நம்பினால் சரி. நம்பவில்லை என்றால், நான் வருகிறேன். டாக்டர் ரயிலில் போகாதே என்றார். போகத்தான் போகிறேன். முந்தின நாள் இரவு வந்து உன் கடையிலேயே படுத்துக்கொள்கிறேன், அவளுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் நான் சைக்கிளை எங்கே ஒளித்துவைத்திருக்கிறேன் என்று தேட ஆரம்பித்துவிடுவாள்.

ஒரு குடை மட்டும் எடுத்துவை. வெயிலில் நின்றால் எனக்குச் சுற்றல் அதிகமாகிறது.

வாலு

*

செப்டம்பர் 19

அன்புள்ள வாலு,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? நான் டியூட்டிக்குப் போய்த் திரும்புவதற்குள் ரயிலேறிவிட்டாய். முகத்தைப் பார்த்துப் பேச எனக்கும் தெம்பில்லை, அதனால் எழுதுகிறேன்.

உன் அண்ணன் ஒரு வாரமாகப் பின்னாலேயே வந்து, "அவளுக்கு நெஜமாவே முடியல, இந்தா சீட்டைப் பாரு" என்றார். "நீங்க ரெண்டு பேரும் ஒரு வயித்துல பொறந்தவங்கதானே" என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பந்தயம் தொடங்கும் இடத்தில் ஒவ்வொரு ஹெல்மெட்டாக எட்டிப் பார்த்தேன். நீ இல்லை. கடைசியில் வந்து சேர்வாய் என்று பாதி வழி வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

பாறை வந்தது. அந்தப் பழைய நாளில் கால் ஊன்றிய அதே இடம். இறங்கிவிடு, இறங்கிவிடு என்று மனசு கத்துகிறது. இடது பக்கம் வழவழப்பாகத்தான் இருந்தது. சக்கரத்தைத் திருப்பிவிட்டேன். பார்த்தால் அந்தப் பாதையின் நடுவில் ஒரு சிவப்புக் குடை. குடைக்குக் கீழே கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள் என் நாத்தனார்! பந்தயம் நடத்துகிறவர்களில் ஒருவர் விசிலை ஊதி ஊதிக் கன்னம் வீங்கி, "ஏம்மா, எந்திரிம்மா! சைக்கிள் வருது, எந்திரிம்மா!" என்று கும்பிடாத குறையாகக் கெஞ்சுகிறார். நீ அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "வலது பக்கம் போடீ!" என்று கத்தினாய்.

கல்யாணத்துக்குப் பிறகு நீ என்னை 'டீ' போட்டதே இல்லை. யோசிக்க நேரமும் இல்லை. உன் மேல் ஏற்ற முடியாது, நிறுத்தவும் முடியாது. வலது பக்கம் திருப்பினேன். பின்னால் சாய்ந்தேன். அப்புறம் கெட்டி மண், நீ எழுதிய மாதிரியே. இறங்கிவிட்டேன் வாலு! சைக்கிளில் இருந்தபடியே இறங்கிவிட்டேன்! கீழே போய்ச் சேரும்வரை கத்திக்கொண்டே போனேனாம், உன் அண்ணன் சொல்கிறார். கடைசிக்கு முந்தின இடம். கடைசியாக வந்தவளுக்கு டயர் பஞ்சர்.

முடித்த கையோடு உன்னைத் திட்டுவதற்காக மேலே ஏறி வந்தேன். நீ இன்னும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாய். எழுந்திருக்க முடியாமல்தான் உட்கார்ந்திருந்தாய். உன் கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. உன் அண்ணன் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்ததும் அவர் செருப்பிலேயே வாந்தி எடுத்தாய். அதை எவளாலும் நடிக்க முடியாது. பக்கத்தில் அந்தக் குழியும் இருந்தது. உடைகல்லும் இருந்தது.

நேற்று உன் கடிதங்களை முதலிலிருந்து படித்தேன். ஸ்டூல், காது, வெல்வெட், எல்லாம் நிஜம். ஒவ்வொன்றுக்கும் நான் சிரித்துச் சிரித்துப் பதில் எழுதியிருக்கிறேன். நன்றாகச் சுற்றட்டும் என்றுகூட எழுதியிருக்கிறேன். என் கையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வேன்?

எல்லாக் கடிதத்திலும் வழக்கத்துக்குக் கேட்டேன். இப்போதுதான் கேட்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? என்ன எழுதினாலும் நம்புகிறேன்.

உன் அண்ணி

*

அக்டோபர் 4

அன்புள்ள அண்ணி,

நான் நன்றாக இல்லை.

இதை எழுதியதுமே பாதி பாரம் இறங்கிவிட்டது. 'நீங்கள்' என்று எழுத இனிமேல் கை வராது, அன்றைக்குக் கத்தியதோடு அது போயிற்று, பொறுத்துக்கொள். இடது காது பாதி கேட்பதில்லை. குளிக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். தையல்காரர் என் சைக்கிளில் கடைக்கு வருகிற சத்தம் மட்டும் அந்தக் காதிலும் கேட்கிறது. சைக்கிளைக் கொடுத்த அன்று திரைச்சீலைகளுக்குப் பின்னால் நின்று அழுதேன். எந்தத் துணியில் மூக்கைத் துடைத்தேன் என்று முதலாளியம்மாவிடம் சொல்லிவிடாதே. மருந்து மாற்றிய பிறகு சுற்றல் வருவது கொஞ்சம் குறைந்திருக்கிறது. முழுதாகப் போகுமா என்று டாக்டரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நீ சிரித்து எழுதியதற்காக வருத்தப்படாதே. பிப்ரவரியிலிருந்து நானும் விடிகாலையில் எழுந்துகொண்டிருக்கிறேன், தெரியுமா? ஜன்னலோரம் உட்கார்ந்து, இப்போது தொட்டி மேட்டில் இருப்பாள், இப்போது மூச்சு வாங்கும், இப்போது என்னைத் திட்டுவாள் என்று நினைத்துக்கொண்டே காபி குடிப்பேன். நீ ஓட்டிய மேடெல்லாம் நானும் ஏறினேன் அண்ணி. எனக்குத் தொடை வலிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்தபோது மலை, மரம், அந்த விசில்காரர் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. நீ மேலே வந்து எட்டிப் பார்த்தாய். நீ மட்டும் சுற்றவில்லை. நேராக இறங்கினாய். அவ்வளவு அழகாக இறங்கினாய். எனக்கு உன் மேல் பொறாமையாக இருந்தது. அதைவிடப் பெருமை அதிகமாக இருந்தது.

மார்ச்சில் அடுத்த பந்தயம் இருக்கிறதாமே, பெயர் கொடு. நான் வருகிறேன். ரயிலில் கீழ்ப் படுக்கையாகப் பார்த்துப் போடச் சொல். அண்ணனை ஸ்டேஷனுக்குப் பழைய செருப்போடு வரச் சொல்.

உன் வாலு